குப்புறப் படுத்துக் கேட்ட படங்கள்

போன வருடம் என் வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்ததும் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டு, 10 நாள் குப்புறப் படுத்திருக்கச் சொன்னார்கள். குமிழி மேலே எழும்பி விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். 50 நிமிடம் படுக்கை, 10 நிமிடம் இடைவேளை, மறுபடி 50 நிமிடம். விழித்திருக்கும் நேரமெல்லாம் இதுதான் கணக்கு.

படங்களுக்கு சப்டைட்டில் எழுதுவது என் வேலை. யாராவது பேச ஆரம்பிக்கும் நொடி, முடிக்கும் நொடி, ஒரு வரியில் எத்தனை எழுத்து அடங்கும் என்பதையே பார்த்துப் பார்த்து 14 வருடம் போயிருக்கிறது. வசனம் இல்லாத இடம் வந்தால் எனக்கு வேலை இல்லை, சட்டென்று தள்ளிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவேன். பின்னணி இசை பெரும்பாலும் வாழ்வது அந்த இடங்களில்தான். நூற்றுக்கணக்கான படங்களில் நான் கேட்காமல் விட்டது எவ்வளவு என்று குப்புறப் படுத்த முதல் நாள்தான் எனக்கு உறைத்தது.

என் தம்பி திரைப்பட இசை ஆல்பங்களைச் சேர்ப்பவன். சிடி, இசைத்தட்டு இரண்டும் வைத்திருக்கிறான். "படம் பார்க்க முடியாதே அக்கா, படத்தைக் கேளு" என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தான். முகம் புதைக்கும் வளையத் தலையணையோடு ஹெட்போன் ஒத்துவரவில்லை. காதை அழுத்தியது. அதனால் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கட்டிலுக்குக் கீழே தரையில், மேலே பார்த்த மாதிரி வைத்தான். இசை கீழேயிருந்து முகத்துக்கு நேராக வந்தது. அந்த 10 நாளில் கேட்டவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். படத்தின் தரத்தை இங்கே எடை போடவில்லை. காசு கொடுத்து வாங்கிக் கேட்கிற ஒரு பொருளாக அந்த ஆல்பம் எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான். எனக்கு சுரக்குறிப்பு படிக்கத் தெரியாது. காதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் போட்டது 'ஜாஸ்'. 1975-இல் வந்த படம், இசை ஜான் வில்லியம்ஸ். சுறா வரும்போது கேட்கிற அந்த இரண்டு சுரங்கள் உலகத்துக்கே தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டே சுரங்கள், அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி. வில்லியம்ஸ் முதன்முதலில் இதைப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது இயக்குநர் ஸ்பீல்பெர்க் வேடிக்கைக்கு வாசிக்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டாராம். பிறகு அந்த இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஸ்பீக்கர் கீழே இருந்ததால் செலோ, டபுள் பேஸ் என்கிற கனத்த குரல் தந்தி வாத்தியங்கள் கட்டிலின் சட்டத்தில் அதிர்ந்து நெஞ்சில் ஏறின. தண்ணீருக்கு அடியிலிருந்து ஏதோ வருகிற உணர்வு அப்படியே கிடைத்தது. ஆனால் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1975-இல் வந்த ஆல்பத்தில் இருப்பது படத்தில் கேட்கிற அதே பதிவு இல்லை. ஆல்பத்துக்காக வில்லியம்ஸ் தனியாக மறுபடி நடத்திப் பதிந்தது. பல பகுதிகளை நீட்டி, கச்சேரிக்கு ஏற்ற மாதிரி முழுமையாக்கியிருக்கிறார். படத்துக்குப் பதிந்த மூல இசை தனி ஆல்பமாக வந்தது 2000-இல்தான். தம்பியிடம் இரண்டும் இருந்தன. சும்மா கேட்டு ரசிக்க 1975 பதிப்பு நல்லது. ஒவ்வொரு டிராக்குக்கும் தொடக்கமும் முடிவும் இருக்கிறது. படத்தின் பயம் வேண்டும் என்றால் 2000 பதிப்பு.

ஆனால் இரண்டிலும் எனக்கு ஒன்று குறைந்தது. முதல் தடவை உறுமல் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது உண்மை. நாலாவது டிராக்கில் அது திரும்பி வந்தபோது 'ஓ, இது' என்று மட்டும்தான் தோன்றியது. ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

இரண்டாம் நாள் 'சைக்கோ'. 1960-இல் வந்த ஹிட்ச்காக் படம், இசை பெர்னார்ட் ஹெர்மன். தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துச் செய்தது. ஊதுகிற வாத்தியமும் இல்லை, கொட்டுகிற வாத்தியமும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை ஒலி வேண்டும் என்று ஹெர்மன் யோசித்தார். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் கேட்காமல் எழுதிவிட்டார். வாசித்துக் காட்டியதும் ஹிட்ச்காக் மனம் மாறினார். வயலின்கள் வீறிடுகிற அந்த ஒலியைப் படம் பார்க்காதவர்களும் வாயால் போட்டுக் காட்டுவார்கள்.

தம்பியிடம் இருந்தது 1975-இல் ஹெர்மனே லண்டனில் மறுபடி நடத்திப் பதிந்த ஆல்பம். அதே வருடம் டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். படத்தில் இருப்பதைவிட நடை மெதுவாக இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்தது. ஒவ்வொரு வில் இழுப்பும் தனித்தனியாகக் கேட்கிறது. நாயகி கார் ஓட்டித் தப்பிப் போகும் இடத்துக்கான இசை மெதுவாக வரும்போது பதற்றம் குறையவில்லை, வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஓடுகிறவள் களைத்துப்போன மாதிரி. ஆனால் குளியலறை டிராக் வந்து போனதும் அடுத்த டிராக் ஓரிரு நொடியில் தொடங்கிவிட்டது. படத்தில் அந்த இடத்தில் என்ன நடக்கும்? இசை நின்றுவிடும். ஷவரிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். நமக்கு மூச்சு திரும்பாது. அந்தத் தண்ணீர்ச் சத்தம் ஆல்பத்தில் இல்லை. இசையமைப்பாளர் எழுதாத பகுதிதானே, அது எப்படி இருக்கும்? ஆனாலும் எனக்கு அது வேண்டியிருந்தது.

நாலாம் நாள்தான் விஷயம் பிடிபடத் தொடங்கியது, அதுவும் தற்செயலாக.

அன்றைக்கு 'பிளேட் ரன்னர்'. படம் 1982-இல் வந்தது. வாங்கெலிஸ் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் செய்த இசை. படம் வந்த வருடம் வேறொரு ஆர்கெஸ்ட்ரா வாசித்த ஆல்பம்தான் கிடைத்தது. வாங்கெலிஸின் சொந்தப் பதிவு வெளியானது 1994-இல். 12 வருடம் ரசிகர்கள் காத்திருந்திருக்கிறார்கள். இந்த ஆல்பத்தில் படத்தின் வசனங்கள் ஆங்காங்கே இசையோடு கலந்து வரும். கேட்க ஆரம்பித்ததும் எனக்கு எரிச்சலாக இருந்தது. வசனத்திலிருந்து தப்பித்து வந்து படுத்திருக்கிறேன், இங்கேயும் வசனமா? முதல் டிராக்கிலேயே ஒருவர் ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கச் சொல்லி இயந்திரத்துக்குக் கட்டளை இட்டுக்கொண்டிருக்கிறார். என் விரல் தானாகவே நேரத்தைக் குறிக்கப் பார்த்தது.

ஆல்பத்தில் 12 டிராக். ஏறக்குறைய 58 நிமிடம். என் 50 நிமிடக் கணக்கு பத்தாவது டிராக் முடிகிற இடத்தில் மிகச் சரியாக வந்து நின்றது. தம்பி நிறுத்திவிட்டு என்னை எழுப்பினான். சொட்டு மருந்து, ஒரு தம்ளர் தண்ணீர், தலையைக் குனிந்தபடியே அறைக்குள் நாலு நடை. அந்த 10 நிமிடமும் நாங்கள் பேசவில்லை. திரும்பிப் படுத்ததும் மிச்சமிருந்த இரண்டு டிராக்கை ஓடவிட்டான். படம் முடியும்போது வருகிற இசை, அந்த உருட்டும் தாளத்தோடு கட்டிலுக்கு அடியிலிருந்து புறப்பட்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கடைசி டிராக்கில் மழைக்கு நடுவே ஒருவன் சாவதற்கு முன் பேசுகிறான். அந்த வசனத்தை நான் நேரம் குறிக்கவில்லை. சும்மா கேட்டேன்.

மறுநாள் அதே ஆல்பத்தை 37-ஆவது நிமிடத்திலிருந்து நிறுத்தாமல் போடச் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி இரண்டும் மற்ற டிராக்குகளில் ஒன்றாகக் கலந்துவிட்டன. தம்பியைக் கூப்பிட்டு, பத்தாவது முடிந்ததும் 10 நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி போடு என்றேன். மறுபடியும் அதே அடி.

அப்போதுதான் 'ஜாஸ்' விஷயம் விளங்கியது. படத்தில் சுறா இசை எவ்வளவு குறைவாக வருகிறது என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு பையன்கள் அட்டையில் சுறாத் துடுப்பு செய்து கூட்டத்தைப் பயமுறுத்துகிற காட்சி ஒன்று உண்டு. அங்கே அந்த இசை வராது. இசை வந்தால் சுறா வரும், வராவிட்டால் சுறா இல்லை என்று படம் நமக்கு ஒரு விதியைக் கற்றுக்கொடுக்கிறது. நாம் அதை நம்பிவிடுகிறோம். பிற்பாதியில், படகிலிருந்து மீனுக்கு இரை வீசிக்கொண்டிருக்கும்போது, எந்த இசையும் இல்லாமல் சுறா தலையைத் தூக்குகிறது. அந்த இடத்தில் தியேட்டரே துள்ளுவதற்குக் காரணம் இல்லாத இசைதான். ஆல்பத்தில் இசை இருக்கிறது, இல்லாத இசைக்கு இடமில்லை. இரண்டு சுரமும் நம்மை ஆட்டிவைப்பது அது வராமல் இருந்த நிமிடங்களால்தான். அந்த நிமிடங்களை வெட்டிவிட்டு, வந்த இடங்களை மட்டும் ஒட்டினால் கிடைப்பதுதான் ஆல்பம்.

அதன் பிறகு ஆல்பங்களை நான் கேட்ட விதமே மாறிவிட்டது. இந்த வெட்டை ஒரு ஆல்பம் எப்படிச் சமாளிக்கிறது என்பதை மட்டும் கவனித்தேன்.

மிக நன்றாகச் சமாளித்தது 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்'. 1968, இயக்கம் செர்ஜியோ லியோனே, இசை என்னியோ மோரிகோனி. இதில் முக்கியமான இசையெல்லாம் படப்பிடிப்புக்கு முன்பே பதிவாகிவிட்டது. படப்பிடிப்புத் தளத்தில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்க வைத்தார் லியோனே. கேமரா நகர்வதே இசைக்கு ஏற்றபடி. ஜில் என்ற பெண் ரயில் நிலையத்தில் இறங்கிக் காத்திருந்துவிட்டு, நிலையக் கட்டடத்துக்குள் போகிறாள். கேமரா அவளை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கூரைக்கு மேலே ஏறுகிறது. அந்தப் பக்கம் ஊர் விரிகிறது. சரியாக அந்த நேரத்தில் எட்டா டெல் ஓர்சோவின் குரல், சொல் எதுவும் இல்லாமல், மேலே போகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். வசனம் இல்லை என்பதால் வேலையில் நான் தள்ளிவிட்டிருக்க வேண்டிய இடம் அது. தள்ள முடியாமல் நின்ற ஒரே இடமும் அதுதான்.

படம் முன்பே எழுதிய இசைக்குப் பின்னால் போனதால், ஆல்பத்தில் ஒவ்வொரு டிராக்கும் முழு மூச்சோடு இருக்கிறது. காட்சி 40 நொடியில் முடிந்துவிட்டது என்று இசையைக் கத்தரித்த தழும்பு எங்கேயும் இல்லை. மௌத் ஆர்கன் ஊதுகிறவனுக்கு ஒரு இசை, ஜில்லுக்கு ஒன்று, கொள்ளைக்காரன் ஷயெனுக்கு ஒன்று. குதிரை நடைபோடுகிற மாதிரி தாளத்தோடு வரும் ஷயெனின் மெட்டில் நடுநடுவே சின்னச் சின்ன நிறுத்தங்கள் உண்டு. அவன் நின்று யோசிக்கிற மாதிரி. மௌனத்தை மோரிகோனி மெட்டுக்குள்ளேயே தைத்துவிட்டார். அதனால் ஆல்பம் படத்தை நம்பி நிற்கவில்லை. முதன்முதலாகத் திரைப்பட இசை ஆல்பம் வாங்குகிறவர்கள் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

'இன்டர்ஸ்டெல்லார்' பற்றி மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். 2014-இல் வந்த இந்தப் படத்தின் இசை எனக்கு மிகவும் பிடித்தது. இது என்ன வகைப் படம் என்றுகூடச் சொல்லாமல், தகப்பனும் பிள்ளையும் பற்றி ஒரே பக்கம் எழுதிக் கொடுத்தார் இயக்குநர் நோலன். அதை வைத்துக்கொண்டு ஹான்ஸ் ஜிம்மர் ஒரே நாளில் அந்த மெட்டின் கருவை எழுதிவிட்டார். விண்வெளிப் படம் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு தகப்பன் பிள்ளையை நினைத்து வாசித்த மெட்டு என்பதை அறிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு சுரமும் வேறு மாதிரி இறங்குகிறது. லண்டன் டெம்பிள் சர்ச்சின் ஆர்கனில் பதிந்திருக்கிறார்கள். ஆர்கன் குழாய்க்குள் காற்றை ஊதித்தான் ஒலி எழுப்ப வேண்டும். மூச்சு விடுகிற வாத்தியம். மூச்சுக் காற்றை எண்ணி வாழ வேண்டிய இடத்தைப் பற்றிய படத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாத்தியம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆல்பமாக அது என்னைக் களைக்க வைத்தது. டிராக்குகள் பெரும்பாலும் மெதுவாகத் தொடங்கி, ஏறி, ஏறி, உச்சத்தில் முடிகின்றன. அடுத்ததும் அப்படித்தான். படத்தில் விண்கலத்தின் கதவு ஒன்று வெடித்துப் போகும்போது இசையும் சத்தமும் மொத்தமாக அறுந்துபோகும். வெறும் வெற்றிடம். அந்த அறுபடல்தான் அதற்குப் பிறகு வருகிற ஆர்கனைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆல்பத்தில் அந்தப் பள்ளம் இல்லை, மேடு மட்டும்தான். இன்னொரு சிக்கல், இந்த ஆல்பத்துக்குப் பல பதிப்புகள். ஒன்றில் இருக்கும் டிராக் இன்னொன்றில் இல்லை. வாங்குவதற்கு முன் டிராக் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். என் யோசனை, ஒரு நாளைக்கு மூன்று டிராக்குக்கு மேல் வேண்டாம்.

இதற்கு நேர் எதிர் 'அப்'. 2009-இல் வந்த அனிமேஷன் படம், மைக்கேல் ஜியாச்சினோ இசை, ஆஸ்கர் வாங்கியது. ஒரு கணவன் மனைவியின் முழு வாழ்க்கையும் சுமார் 4 நிமிடத்தில், ஒரு வசனம்கூட இல்லாமல் ஓடும் அந்தப் பகுதியைத் தெரியாதவர்கள் குறைவு. மெட்டு ஒன்றே ஒன்றுதான், ஒரு வால்ட்ஸ், மூன்று தட்டுத் தாளத்தில் போகும் நடன இசை. முதலில் உற்சாகமாக டிரம்பெட்டில் வருகிறது. நடுவில் வயலினுக்குப் போகிறது. கடைசியில் பியானோ மட்டும் மிச்சம், அதுவும் தயங்கித் தயங்கி. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அறையை விட்டு வெளியே போவது மாதிரி இருக்கும். படமில்லாமல் கேட்டாலும் எந்த நொடியில் அவள் இல்லாமல் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மெட்டு மாறவில்லை, அதைச் சுமந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த ஒரு டிராக்குக்காகவே இந்த ஆல்பத்தை வைத்துக்கொள்ளலாம். மற்ற சாகச டிராக்குகளை நான் இரண்டாவது முறை கேட்கவில்லை.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தின் முழுப் பதிப்பை ஆறாம் நாளும் ஏழாம் நாளும் கேட்டேன். 3 சிடி, 3 மணி நேரம். ஹோவர்ட் ஷோர் ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி மெட்டு வைத்திருக்கிறார். ஒன்பது பேர் கூட்டணியின் மெட்டு ஆரம்பத்தில் துண்டு துண்டாக வரும். கூட்டம் சேர்ந்த பிறகுதான் முழுதாகும். ஆள் குறையும்போது மெட்டும் உடையும். மிகப் பெரிய வேலை. ஆனாலும் படங்களை நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் முழுப் பதிப்பு. மற்றவர்களுக்கு 2001-இல் வந்த ஒற்றை சிடி போதும்.

'இன் தி மூட் ஃபார் லவ்' ஆல்பத்தில் நான் கேட்க நினைத்தது ஒரே டிராக். பிட்ஸிகாட்டோவாகத் தந்திகளை விரலால் மீட்டிக்கொண்டே இருக்க, அதன்மேல் ஒரு வயலின் ஏங்குகிற அந்த வால்ட்ஸ். அதை எழுதியவர் ஷிகெரு உமெபயாஷி. ஆனால் இந்தப் படத்துக்காக இல்லை! 1991-இல் வந்த 'யுமேஜி' என்ற வேறொரு படத்துக்காக. இயக்குநர் வோங் கார் வாய் 2000-இல் எடுத்துத் தன் படத்தில் வைத்தார். நாயகி சாப்பாட்டுத் தூக்கோடு படியிறங்குவதும், குறுகலான படிக்கட்டில் நாயகனும் இவளும் உரசாமல் விலகிப் போவதுமாக, மெதுவாக்கிய அசைவில், திரும்பத் திரும்ப. இப்போது உலகம் அந்த மெட்டை இந்தப் படத்தின் பேரால்தான் அறிகிறது. நல்ல மெட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் நல்ல மெட்டு என்பது மட்டும் போதாது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்கவில்லை. எங்கே வைத்தார்கள், எத்தனை முறை, எவ்வளவு நேரம் காக்கவைத்துவிட்டு என்பதுதான் நினைவில் அதை ஆணியடித்திருக்கிறது.

எட்டாம் நாள் தம்பியிடம் 'தளபதி' கேட்டேன். பாட்டு ஆல்பம் இருந்தது. நான் கேட்டது ரீரெக்கார்டிங். "அது எங்கே அக்கா விற்கிறார்கள்?" என்றான். தமிழ்ப் படங்களில் பாட்டுகள்தான் பெரும்பாலும் ஆல்பமாக வருகின்றன. பின்னணி இசை படத்தோடு தங்கிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இளையராஜாவின் ரீரெக்கார்டிங்கைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஆனால் அதைத் தனியாக, நல்ல தரத்தில், வரிசைப்படுத்தி, ஒரு சின்னப் புத்தகத்தோடு கையில் வாங்க வழி பெரும்பாலும் இல்லை. வசனத்துக்கும் மற்றச் சத்தங்களுக்கும் இடையில் பொறுக்கித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி என்று தம்பி படத்தையே ஓடவிட்டான். திரையை அவன் பார்த்தான், நான் தரையைப் பார்த்தபடி கேட்டேன். 'சின்னத் தாயவள்' பாட்டின் மெட்டு, பாட்டாக இல்லாமல் வாத்தியத்தில் திரும்பி வரும் இடங்களுக்காகக் காத்திருந்தேன். கைக்குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிட்ட தாய் அவள். பிறகு எங்கே ரயில் கூவினாலும் அவள் அங்கேயே நின்றுவிடுவாள். கோயில் காட்சியில் ரயில் கூவுகிறது. அந்தப் பக்கம் மகனும் இருக்கிறான், இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. நான் பார்க்கவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். ரயில் சத்தம் எங்கே முடிகிறது, மெட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியவில்லை. தம்பி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இப்படிப்பட்ட இசையை ஆல்பமாக்கினால் அந்த ரயில் சத்தத்தை விட்டுவிடாதீர்கள் என்று, ஆல்பம் போடப்போகிற யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்பேன்.

சத்தமும் இசையும் இப்படி இடம் மாறிக்கொள்வதைப் பற்றிப் பேசும்போது 'பதேர் பாஞ்சாலி'யைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1955-இல் வந்த வங்காளப் படம். இசையமைத்த சிதார் கலைஞர் ரவிசங்கர் பாதிப் படத்தைத்தான் பார்த்திருந்தார். ஒரே இரவில், ஏறக்குறைய 11 மணி நேரத்தில் அவருடைய இசையைப் பதிந்து முடித்தார்கள். மகள் இறந்ததைத் தகப்பனிடம் சொல்ல முடியாமல் தாய் உடைந்து அழுகிற இடத்தில் சத்யஜித் ராய் அவள் குரலை எடுத்துவிட்டார். அழுகைக்குப் பதிலாக தார் ஷெனாய், வில்லால் வாசிக்கும் வாத்தியம், உச்ச ஸ்தாயியில் கதறுகிறது. இதற்கு நான் சப்டைட்டில் எழுத வேண்டியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். 'அழுகிறாள்' என்று எழுதினால் பொய். 'இசை' என்று எழுதினாலும் பொய்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். சிடியாகவோ இசைத்தட்டாகவோ வாங்கினால் உள்ளே இருக்கும் புத்தகத்தைத் தொலைக்காதீர்கள். எந்த டிராக் எந்தக் காட்சி, எங்கே பதிந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். என்னால் படிக்க முடியாததால் தம்பி ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு பக்கம் வாசித்துச் சொன்னான். இசைத்தட்டுக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது. ஒரு பக்கம் 20 நிமிடம் போலத்தான் ஓடும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த நிறுத்தம் தொந்தரவு என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அதற்காகவே இசைத்தட்டு வாங்கலாம் என்று சொல்வேன். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் இரண்டு விஷயத்தை முதலில் அணைத்துவிடுங்கள். ஒன்று, டிராக் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள். இன்னொன்று, ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டைப் போடுகிற அமைப்பு. நான் பயன்படுத்திய ஒரு செயலி, 'அப்' ஆல்பத்தில் அந்தக் கடைசிப் பியானோ அடங்கிய நொடியில் ஏதோ நடனப் பாட்டை ஆரம்பித்துவிட்டது. எழுந்து நிறுத்தவும் முடியாமல் குப்புறக் கிடந்தேன். மறுநாளே தம்பி சிடிக்கு மாறிவிட்டான்.

வால்யூமைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரைப்பட இசையில் மெல்லிய இடம் மிக மெல்லியதாகவும் பலத்த இடம் மிகப் பலமாகவும் இருக்கும். மெல்லிய இடம் கேட்கவில்லை என்று கூட்டிவைக்காதீர்கள். பலத்த இடத்தில் காது வலிக்காத அளவுக்கு வைத்துவிட்டு, மெல்லிய இடத்துக்குக் காதைப் பழக்குங்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

பத்தாம் நாள் நிமிர்ந்து உட்காரச் சொன்னார்கள். குமிழி முழுதாகக் கரைந்து பார்வை தெளிய இன்னும் பல வாரம் ஆனது. அனுமதி கிடைத்த அன்று மாலை முதலில் பார்த்த படம் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்'. ஆல்பத்தை அதற்குள் எட்டு தடவையாவது கேட்டிருப்பேன். மெட்டுகளெல்லாம் எனக்குள் தயாராக இருந்தன. ஆனால் படம் தொடங்கியதும் ஒரு மெட்டும் வரவில்லை. பாலைவனத்து ரயில் நிலையத்தில் மூன்று பேர் ஒருவனைக் கொல்லக் காத்திருக்கிறார்கள். காற்றாலை ஒன்று எண்ணெய் இல்லாமல் கிறீச்சிடுகிறது. ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. இன்னொருவன் முகத்தில் ஈ. பத்து நிமிடத்துக்கு இவ்வளவுதான். ரயில் வந்து, நின்று, போன பிறகு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மௌத் ஆர்கன்.

தம்பி ரிமோட்டை எடுத்தான், ஆரம்பம் கொஞ்சம் நீளம், தள்ளட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன். காற்றாலைச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, வால்யூமைக் கொஞ்சம் கூட்டு என்றேன்.